சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கேயேவா?



முன்பெல்லாம் நாலு பெண்கள் ஒன்றுசேர்ந்தால் நகைச் சீட்டு, தீபாவளிப் பலகாரச் சீட்டு என்று பேச்சு போகும். இப்போது அந்தப் பேச்சு முடிந்த கையோடு ஷேர் மார்க்கெட் வந்து நிற்கிறது. "என் பையன் டெக்னாலஜி இ.டி.எஃப். வாங்கிப் போடச் சொல்றான், நல்லதா?" என்று கோயில் பிரகாரத்திலேயே கேட்கிறார்கள். வாசகியர் மூன்று பேர் இதையே கடிதமாகவும் எழுதியிருக்கிறார்கள். கடைகளில் நாலைந்து வகை இருக்கிறதாமே, அதில் எது அதிகமாக ஏறியிருக்கிறது, அதை வாங்கிப் போட்டுவிட்டுப் பதினைந்து இருபது வருஷம் நிம்மதியாக இருக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் ஏறியதை மட்டும் பார்த்து வாங்குவது, பொம்மைக்குக் கட்டியிருக்கும் அழகைப் பார்த்துப் புடவை எடுப்பது போல. நாம் அப்படியா எடுக்கிறோம்? முந்தானையை விரிக்கிறோம், உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறோம், நூல் இழையைத் தடவிப் பார்க்கிறோம், ஏற்கெனவே அதே நிறத்தில் பீரோவில் ஒன்று இருக்கிறதா என்றும் யோசிக்கிறோம். அந்தப் புத்தியைப் பணத்திலும் காட்டினால் போதும். பிளஸ் டூ வரைதான் நான் படித்திருக்கிறேன். எனக்கே புரிந்திருக்கிறது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

பூச்சரம் மாதிரிதான்

பூக்காரம்மாவிடம் கதம்பம் வாங்குகிறோம். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கி வந்து தொடுக்க நமக்கு நேரம் ஏது? அவர் தொடுத்து வைத்ததில் இரண்டு முழம் கேட்கிறோம். இ.டி.எஃப். என்பதும் இப்படி ஒரு சரம்தான். பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்துத் தொடுத்திருப்பார்கள். அதில் நாம் வாங்கும் ஒரு முழத்துக்கு 'யூனிட்' என்று பெயர். எந்தப் பூ எத்தனை என்பதை இண்டெக்ஸ் என்கிற பட்டியல் தீர்மானிக்கும். ஃபண்டை நடத்துகிறவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால்தான் கூலியும் குறைவு.

இவற்றைப் பங்குச் சந்தையிலேயே, காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, மற்றப் பங்குகளைப் போல வாங்கலாம், விற்கலாம். டீமேட் கணக்கு ஒன்று இருக்க வேண்டும். நம் நாட்டில் இந்த வகையில் முதலில் வந்தது நிஃப்டி பீஸ். அது 2001 டிசம்பரில் வந்தது. அது கதம்பம், பேங்க், பெட்ரோல், சோப்பு, சிமெண்ட் என்று 50 பெரிய கம்பெனிகள் அதில் உண்டு. டெக்னாலஜி இ.டி.எஃப். என்பதோ மல்லி மட்டும் வைத்துத் தொடுத்த சரம். வாசனை தூக்கலாக இருக்கும். மல்லிக்கு நோய் வந்தால் சரம் முழுக்க அடிபடும்.

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு

நம் ஊரில் இருந்தபடியே வாங்கக்கூடிய மூன்று வகைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நிஃப்டி ஐ.டி. இண்டெக்ஸைப் பின்பற்றுவது. நிப்பான் இந்தியா, ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல், எஸ்.பி.ஐ. ஆகிய ஃபண்ட் கம்பெனிகள் 2020-ல் இதை ஆரம்பித்தன. பிறகு வேறு சிலரும் வந்தார்கள். உள்ளே இருப்பவை 10 கம்பெனிகள்தான்: டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், எச்.சி.எல்., விப்ரோ, டெக் மஹிந்திரா போன்றவை. இதில் இன்ஃபோசிஸும் டி.சி.எஸ்.ஸும் மட்டுமே ஏறக்குறைய பாதி. ஒரே துறையைச் சேர்ந்த இ.டி.எஃப். என்றால் எந்தக் கம்பெனியும் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முதல் மூன்று சேர்ந்து 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று செபி 2019-ல் வரம்பு போட்டது. மூன்றே கம்பெனிகள் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்பதையும் இந்த விதியே சொல்லிவிடுகிறது பாருங்கள். இந்தக் கம்பெனிகள் நம் ஊரில் இருந்தாலும் வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது.

இரண்டாவது, அமெரிக்காவின் நாஸ்டாக் 100 இண்டெக்ஸைப் பின்பற்றுவது. மோதிலால் ஓஸ்வால் கம்பெனி 2011-ல் இங்கே கொண்டு வந்தது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா, அமேசான், கூகுள் எல்லாம் இதில் உண்டு. ஆனால் இது முழுக்க டெக்னாலஜி கிடையாது. நாஸ்டாக் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளில் பேங்க், இன்ஷூரன்ஸ் வகையறாவைக் கழித்துவிட்டு எடுத்த பட்டியல் இது. காஸ்ட்கோ என்கிற பெரிய மளிகைக் கடைகூட உள்ளே இருக்கிறது!

மூன்றாவது, என்.ஒய்.எஸ்.இ. ஃபேங் பிளஸ் இண்டெக்ஸ். மிரே அசெட் கம்பெனி 2021-ல் ஆரம்பித்தது. 10 கம்பெனிகள்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் சம பங்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சமமாக்குவார்கள். பத்தே பேர் என்பதால் ஏற்றமும் வேகம், இறக்கமும் வேகம்.

பெண்ணையோ பையனையோ அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வரி. அங்கே எக்ஸ்.எல்.கே. என்று ஒன்று 1998-லிருந்தும், வி.ஜி.டி. என்று ஒன்று 2004-லிருந்தும் இருக்கின்றன. முதலாவது பெரிய கம்பெனிகளை மட்டும் வைத்திருக்கிறது. இரண்டாவதில் சின்னக் கம்பெனிகளையும் சேர்த்து முந்நூறு வரை உண்டு. இரண்டின் பெயரிலும் 'டெக்னாலஜி' இருக்கிறது. ஆனால் கூகுளும் அமேசானும் இரண்டிலுமே இல்லை. 2018 செப்டம்பரில் கம்பெனிகளை வகை பிரித்தபோது கூகுளையும் ஃபேஸ்புக்கையும் தகவல் தொடர்பு என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அமேசான் முதலிலிருந்தே கடை வியாபாரக் கணக்கில்தான் இருக்கிறது. பெயரை நம்பி வாங்கினால் இப்படித்தான். இவை இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு, பணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டோம் என்று நினைப்பதும் சரியில்லை. இரண்டிலும் தலைப்பூக்கள் அதே ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியாதான்.

தொடுத்த கூலி எவ்வளவு?

வருஷா வருஷம் ஃபண்ட் கம்பெனி ஒரு சிறு தொகையைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். நாம் தனியாகக் கொடுப்பதில்லை, உள்ளேயே கழித்துக்கொள்வார்கள். அதனால் கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டால்தான் தெரியும்.

1 லட்ச ரூபாய், 20 வருஷம், ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூலி 0.2 சதவீதம் என்றால் கடைசியில் கைக்கு வருவது சுமார் 6 லட்சத்து 49 ஆயிரம். கூலி 1 சதவீதம் என்றால் 5 லட்சத்து 60 ஆயிரம். வித்தியாசம் 89 ஆயிரத்துக்குப் பக்கம். 'ஒரு ரூபாய்கூட முழுசா இல்லையே' என்று நினைக்கும் அந்த வித்தியாசம், போட்ட முதலையே நெருங்கிவிடுகிறது. ஆகவே ஒரே இண்டெக்ஸைப் பின்பற்றும் இரண்டு ஃபண்டுகளை ஒப்பிட்டால், உள்ளே ஒரே பூதான். கூலி குறைந்ததும், தினம் நிறையப் பேர் வாங்கி விற்பதும் எதுவோ அதுவே மேல். வாங்க ஆள் இல்லாத இ.டி.எஃப்.பை அவசரத்துக்கு விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

முகூர்த்த நாள் விலை

இது ரொம்ப முக்கியம், நிதானமாகப் படியுங்கள். முகூர்த்த நாளில் மல்லி என்ன விலை விற்கிறது? பூ அதே பூதான். வரத்து குறைவு, கேட்பவர் அதிகம். அதனால் விலை எகிறும். நாஸ்டாக், ஃபேங் பிளஸ் போன்ற வெளிநாட்டு இ.டி.எஃப்.களுக்கு நம் நாட்டில் இதுதான் நடந்தது. மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலருக்கு மேல் போடக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. 2022 தொடக்கத்தில் அந்த வரம்பு நெருங்கிவிட்டதால், புதிதாகப் பணம் வாங்கி வெளிநாட்டில் போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். புதுச் சரம் தொடுக்க வழியில்லை. இருக்கிற சரத்தையே எல்லோரும் போட்டி போட்டு வாங்கினார்கள். அப்புறம் சில சமயம் நூறு ரூபாய்ச் சரக்கு நூற்றுப் பத்துக்கும் மேல் போயிருக்கிறது.

நூற்றுப் பத்து கொடுத்து வாங்கிய பிறகு, வரத்து சீராகி விலை உண்மை மதிப்புக்கு வந்தால், அமெரிக்காவில் ஒரு பைசா இறங்காமலே நம் பணத்தில் ஒன்பது சதவீதம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்புக்கு என்.ஏ.வி. என்று பெயர். ஃபண்ட் கம்பெனியின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். அதையும் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கும்போது 'கிடைக்கிற விலைக்கு வாங்கு' என்று சொல்லாமல், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் போடுங்கள்.

இறங்கினால் எவ்வளவு?

நீண்ட கால முதலீடு என்றால் கடைசியில் எப்படியும் லாபம்தான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நாஸ்டாக் காம்போசிட் இண்டெக்ஸ் 2000 மார்ச் 10-ம் தேதி 5,048-ல் இருந்தது. 2002 அக்டோபரில் 1,114-க்கு வந்துவிட்டது. பழைய உயரத்தைத் திரும்பத் தொட்டது 2015-ல். பதினைந்து வருஷம்! அந்த உச்சியில் பெண் குழந்தை பிறந்ததென்று பணம் போட்ட ஒரு தாய், அவள் பத்தாம் வகுப்பு வரும்வரை போட்ட பணத்துக்காகக் காத்திருந்திருப்பாள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022-ல் நாஸ்டாக் 100 சுமார் 33 சதவீதமும், நம் நிஃப்டி ஐ.டி. சுமார் 26 சதவீதமும் இறங்கின. மறு வருஷம் நாஸ்டாக் 100 சுமார் 54 சதவீதம் ஏறியது. 'ஆஹா' என்று தோன்றும். ஆனால் 100 ரூபாய் 67 ஆகி, அதிலிருந்து 54 சதவீதம் ஏறினால் 103 தான். நிஃப்டி ஐ.டி.யில் அதே இரண்டு வருஷத்தில் 100 ரூபாய் 92-க்கு வந்து நின்றது. 'போன வருஷம் எவ்வளவு ஏறியது' என்ற ஒரு எண்ணை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டும் ஒரே வருஷத்தில் இறங்கின. அங்கே மழை பெய்தால் இங்கே குடை பிடிக்கிற சம்பந்தம் இது.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு பிக்சட் டெபாசிட் முதிர்ந்து 3 லட்சம் வந்தது. என் மகன் சென்னையில், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "அம்மா, நிஃப்டி ஐ.டி. நல்லா இறங்கியிருக்கு. மொத்தத்தையும் போட்டா இருபது வருஷத்துல எங்கேயோ போயிடும்மா" என்றான்.

"சரிடா கண்ணா. அது இன்னும் இறங்குச்சுன்னா உன் கம்பெனியில என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்கேயும் நல்லா இருக்காதும்மா" என்றான்.

அவனுக்கே தெரிந்த விஷயம்தான். ஒரு பிராஜெக்ட் முடிந்ததும் மூன்று மாதம் அவனை 'பெஞ்ச்' என்று சும்மா உட்கார வைத்திருந்தார்கள். சம்பளம் என்னவோ வந்தது. ஆனால் வீட்டுக் கடன் தவணை தேதி வரும்போதெல்லாம் எங்கள் யாருக்கும் தூக்கம் இல்லை. எங்கள் வீட்டில் பாதி வருமானம் அந்தத் துறையிலிருந்து வருகிறது. வீட்டுக் கடனும் அதை நம்பியே இருக்கிறது. சேமிப்பையும் அங்கேயே கொண்டுபோய்க் கட்டினால், ஒரு காற்றடித்தால் மூன்றும் சேர்ந்து ஆடும். 2025-ஐப் பாருங்கள். நிஃப்டி 50 சுமார் 10 சதவீதம் ஏறிய வருஷத்தில் நிஃப்டி ஐ.டி. 12 சதவீதம் போல இறங்கியது. அதே வருஷம் ஜூலையில்தான் நாட்டின் மிகப் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேலைக்கு ஆபத்து வருகிற நேரமும் பங்கு விலை விழுகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த நேரத்தில்தான் நமக்குப் பணமும் தேவைப்படும். விலை விழுந்த நேரத்தில் விற்றுத் தவணை கட்டினால், அப்புறம் இருபது வருஷக் கணக்கு எங்கே இருக்கிறது?

அவரும் உட்கார்ந்து பேசினார். கடைசியில் இப்படிப் பிரித்தோம். ஒன்றரை லட்சம் மறுபடி பேங்குக்கே. மகனுக்கு வேலை இல்லாமல் போனாலும் ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் ஓடும். 1 லட்சம் நிஃப்டி 50 கதம்பத்தில், மாதம் பத்தாயிரமாக. அதிலேயே டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் முதலானவை நூற்றுக்குப் பத்து ரூபாய் அளவுக்கு இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. மீதி ஐம்பதாயிரம் மட்டும் டெக்னாலஜிக்கு, அதுவும் நூறு கம்பெனி உள்ள நாஸ்டாக் சரத்தில், மாதம் ஐயாயிரமாக. ஒரே ஒரு நிபந்தனை: விலை உள்மதிப்பைவிட 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மாதம் வாங்குவதில்லை. ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. ஒரே மாதம்தான் வாங்கியிருக்கிறோம். மிச்சம் பேங்கில் கிடக்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. மகன்தான் அவசரப்படுகிறான்!

உங்கள் வீட்டுக்கு எது?

எங்கள் வீட்டுப் பங்கீட்டை அப்படியே நகல் எடுக்காதீர்கள். கணவர் விவசாயமோ மளிகைக் கடையோ பார்க்கும் வீடு, அல்லது அரசாங்கப் பென்ஷன் வரும் வீடு என்றால், ஐ.டி. துறை உங்களுக்குப் புதுசு. நிஃப்டி ஐ.டி.யில் கொஞ்சம் போட்டால் வீட்டு வருமானத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு இடத்தில் சேமிப்பு நிற்கும். மகன், மருமகள் இருவருமே சாஃப்ட்வேர் என்றால் கதம்பம் போதும். அமெரிக்காவில் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பெரிய கம்பெனிகளில் ஒன்றிலேயே வேலை பார்த்தால், அவர்களுக்கும் இதே கேள்விதான். சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் கொடுக்கிறார்களே, அதையும் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்குள் கல்யாணம், காலேஜ் என்று செலவு காத்திருக்கும் பணம் எந்த வீட்டிலும் இந்தப் பக்கமே வரக்கூடாது.

வரியையும் பார்த்துவிடுங்கள். 2024 ஜூலையில் மாற்றிய விதிப்படி, நம் நாட்டுப் பங்குகள் உள்ள இ.டி.எஃப்.பை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20 சதவீதம். வெளிநாட்டுச் சரத்துக்கும் ஒரு வருஷம் தாண்டினால் 12.5 சதவீதம்தான், ஆனால் அந்த ஒன்றேகால் லட்சச் சலுகை கிடையாது. ஒரு வருஷத்துக்குள் என்றால் உங்கள் வருமான வரிப் படி எதுவோ அது.

பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இந்த ஐந்தையும் எழுதிவையுங்கள்.

1. உள்ளே எத்தனை கம்பெனி, முதல் மூன்றின் பங்கு எவ்வளவு?

2. வருஷக் கூலி எவ்வளவு?

3. இன்றைய விலை, உள்மதிப்புக்கு மேலா கீழா?

4. பாதியாக விழுந்தால் விற்காமல் எத்தனை வருஷம் இருக்க முடியும்?

5. இந்த வீட்டுக்கு வருகிற சம்பளம் எந்தத் துறையிலிருந்து வருகிறது?

முதல் நாலுக்கும் பதில் இணையதளத்தில் தேடியோ பிள்ளைகளைக் கேட்டோ கிடைத்துவிடும். ஐந்தாவது நமக்குத்தான் தெரியும். எந்தப் பட்டியலிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் போனைக் காட்டி 'இது நல்லா ஏறுதும்மா' என்று சொல்லும்போது, அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில், பேங்க் லாக்கரில் நகை வைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.